பாட்டுப் பூசையன்று ஒரு டம்ளர் தண்ணீர்

காலை ஐந்தே முக்காலுக்கு என் மகள் தண்ணீர் கேட்டாள். தொண்டை காய்கிறது என்றாள். நான் கொடுக்கவில்லை. பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிறவர்கள் நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்றுதான் எங்களுக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். அவளுக்கு அப்போது பதினோரு வயது. முந்திய நாள் காய்ச்சல் இருந்ததும் எனக்குத் தெரியும். இன்றும் அவள் சாப்பிட உட்கார்ந்தால் என் கண் முதலில் டம்ளருக்குத்தான் போகிறது.

அன்று ஆண்டவர் பரலோகம் ஏறிய திருநாள். ஆம்பூரில் ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை, நாங்கள் பாடும் கோயில் மாடிவரை வந்தது. நான் ஒரு ஷாப்பில் எழுத்தர். பாட்டுப் பூசைகளில் லத்தீன் பாட்டுகளை நடத்துவதும் என் பொறுப்பு. அல்லேலூயாவை மகள் தனியாகத் தொடங்க வேண்டும். அதன் கடைசி எழுத்து ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். எங்கே மூச்சு எடுப்பது என்று ஒரு மாதம் பழக்கியிருந்தேன்.

அந்த இடத்தில்தான் மயங்கி விழுந்தாள். மற்றவர்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஆர்மோனியத்தில் இருந்த என் கை அந்த வரி முடியும்வரை நிற்கவில்லை.

பூசை உடுப்புகள் வைக்கும் அறைக்குத் தூக்கிப் போனோம். பெண்கள் பக்கமிருந்து என் மனைவி ஓடி வந்து தண்ணீர் மொண்டாள். மகளுக்கு நினைவு திரும்பியிருந்தது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வாயத் தொறக்க மாட்டேங்குறா. நீங்க போட்ட சட்டம். நீங்களே சொல்லுங்க."

"குடிம்மா," என்றேன்.

"நன்மை வாங்கணும்பா. நீங்கதான வேணாம்னீங்க."

"அடுத்த ஞாயிறு வாங்கலாம்."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"அப்பனுக்குத் தப்பாத பொண்ணு," என்றாள் மனைவி.

மகளின் உதடு வெளுத்திருந்தது, கை சில்லிட்டிருந்தது. அந்த அறையிலேயே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த உதவிக் குருவை, எங்கள் சின்னச் சாமியை, யாரோ அழைத்து வந்தார்கள். விஷயத்தைக் கேட்டவர் டம்ளரைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"குடிம்மா. தண்ணி குடிச்சாலும் நன்மை வாங்கலாம். ரோமாபுரியிலேர்ந்தே உத்தரவு வந்தாச்சு."

மகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு முழுவதையும் குடித்தாள்.

"ரெண்டு ஞாயிறா பெரிய சாமி பிரசங்கத்துல வாசிச்சாரே," என்றார் சின்னச் சாமி என்னிடம். "மேல உக்காந்துகினு இன்னா பண்ணீங்க?"

"அடுத்த பாட்டுக்குப் பக்கம் தேடிக்கினு இருந்தேன், சாமி."

அவர் டம்ளரை என் மனைவியிடம் நீட்டினார்.

"இன்னொரு டம்ளர் மொண்டு குடும்மா."