திருநின்றவூர் டியூபுகளில் தப்பில்லை

1. மெயில்

"சாம்பிள் மாறியிருக்கலாம், இந்தக் குடும்பத்தை நீக்கிவிடலாமா?" என்று வெளிநாட்டு டேட்டா டீமிலிருந்து மெயில் வந்த காலையில் எனக்குக் காபிகூட இறங்கவில்லை. வேலப்பன்சாவடி பக்கத்து லேபில் இருபத்தாறு வருடம் ரத்தம் எடுத்தவள் நான். லேபிள் ஒட்டி, பெயரைப் படித்துக் காட்டிய பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். என் டியூப் மாறுமா?

ஆட்டிசத்துக்கும் ஜீன்களுக்கும் உள்ள தொடர்பைப் பல நாடுகள் சேர்ந்து தேடிய ஆராய்ச்சி அது. அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் ரத்தமும் வேண்டும். திருநின்றவூர் சுகுணா, ஏழுமலை தம்பதியின் ஜீன்கள் நெருங்கிய சொந்தம்போலப் பொருந்தின. ஃபாரத்தில் 'சொந்தமில்லை, அந்நியம்' என்று இருந்தது. ஒரு வாரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் அவர்கள் மகளுக்கு ஆட்டிசம் ஏன் வந்தது என்பதற்குப் பதிலே கிடைக்காது.

"திரும்ப ரத்தம் எடுத்துடலாமா?" என்றார் எங்கள் டாக்டர்.

"எத்தன தடவ எடுத்தாலும் இதேதான் மேடம் வரும். தப்பு ஃபாரத்துல" என்றேன். நம் ஊர்க் கல்யாணம் எனக்குத் தெரியாதா?

2. வீடு

ரயிலேறிப் போனேன். ஏழுமலை லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க சிஸ்டர், குந்துங்க. இன்னா விஷயம்?"

"நீங்க ரெண்டு பேரும் என்ன சொந்தம்?"

"எங்க அக்கா பொண்ணுதான் இது. நான் தாய்மாமன். ஏன், எழுதலியா?"

ஃபாரத்துக்குப் பதில் சொன்ன சுகுணா தலை குனிந்தாள். பக்கத்தில் மகள் துணி கிளிப்புகளை நிறம் பிரித்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொந்தத்துல கட்னதாலதான் புள்ள இப்டின்னு எங்கம்மாவே சொல்லிக்கினு கீது. ரத்தம் எடுத்த அன்னிக்கு எனக்கு முன்னாடி வந்த ஒரு அம்மா, மாமன் பையனக் கட்னேன்னு சொன்னாங்க. நீங்க 'உச்'சுக் கொட்டினீங்க சிஸ்டர். அதான் மறைச்சிட்டேன்."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. லேபிளில் தப்பு தேடி வந்த மெயிலைத் திட்டிக்கொண்டு போனவள் நான். தப்பு என் நாக்கில் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். ஃபாரத்தைத் திருத்தி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். மூன்று டியூபும் ஆராய்ச்சியில் நின்றன. அடுத்த மாதமே எல்லா நாட்டு ஃபாரத்திலும் 'தாய்மாமன்' உறவுக்கு ஒரு கட்டம் வந்தது!

3. பதில்

சில மாதம் கழித்து டாக்டர் அவர்களை அழைத்து விளக்கினார். மகளின் ஒரு ஜீனில் புதிதாக ஒரு மாற்றம். அம்மாவிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை. ஒரு குழந்தையை மட்டும் வைத்து இதுதான் காரணம் என்று சொல்லியிருக்க முடியாது. வேறு நாட்டுப் பிள்ளைகளிடமும் அதே ஜீன் மாறியிருந்ததால் சொல்ல முடிந்தது.

"அப்போ எங்க கல்யாணத்தால இல்லியா?" என்றாள் சுகுணா.

"இல்லம்மா. இது அவகிட்டதான் புதுசா வந்திருக்கு."

அழுதாள். அழுகை நிற்பதற்குள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "யம்மா, இது எங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்லியாம். இனிமே யாராவது வாயத் தொறந்து பாக்கட்டும்!"

"தெருவுல ஆளாளுக்கு டாக்டராயிட்டானுங்க சிஸ்டர்" என்று ஏழுமலை சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். லேபே சிரித்தது. நான் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். லேபிளை மூன்று முறை பாருங்கள். 'உச்' மட்டும் கொட்டாதீர்கள்.