அம்மன் தந்த பூவும் மூணு பெட்டிப் பசையும்

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் ரெங்கசாமி வீட்டு வாசலில் கார் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு நீட்டு மேசைதான் நிற்கும். அதுதான் அவர் பட்டறை. துறைமுகத்தில் லோரி ஓட்டிய மனுஷன். இடுப்புத்தட்டு நழுவி, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு இந்தக் கைத்தொழிலுக்கு வந்தார். ரெசின் என்று ஒரு கண்ணாடிப் பசை. இரண்டு தண்ணியைக் கலந்து அச்சில் ஊற்றினால் கல்லாட்டம் இறுகிவிடும். உள்ளே ஒரு படத்தை வைத்தால் அது அப்படியே நிற்கும். சாவிக்கொத்து, ஃபிரிட்ஜில் ஒட்டும் வில்லை என்று செய்து பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்பார்.

சாமி படம் மட்டும் செய்யமாட்டார். ஆரம்பத்தில் செய்தவர்தான். ஒரு பையன் முருகன் சாவிக்கொத்தை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிக் குந்தினான். "முருகன் மேல குந்திக்கிட்டுப் போறான் மலரு" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிவிட்டு ரெங்கசாமி தலைக்குக் குளித்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் தனலெட்சுமி வந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைவக் கடையில் சமையல் வேலை. மலருக்குக் கோயிலில் பழக்கமானவள். கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டிருந்தாள். அதை விலக்கிக் காட்டினாள். தொண்டைக்குழிக்கு மேலே எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி.

"வெட்டி எடுக்கணுமாம்ண்ணே. குரல் போனாலும் போகும்னு சொல்லி கையெழுத்து கேக்குறாங்க. எனக்குப் பயம். நேரா ஆத்தா முன்னாடி போய் நின்னேன். ஆபரேசனுக்குப் போகலாம்னா வலது பக்கத்துலருந்து ஒரு பூ குடுன்னு கேட்டேன். பூசாரி தீபம் காட்டிக்கிட்டே இருக்காரு, வலது தோள்லருந்து இது விழுந்துச்சு."

கையிலிருந்த வெற்றிலை மடிப்பைப் பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு மல்லிகை.

"இத கையில வெச்சுக்கிட்டுத்தான் படுப்பேன். நர்ஸ் மிஸ்ஸிகிட்ட கேட்டா, வார்டுக்குள்ள பூவு ஆகாது, கயிறு ஆகாதுங்குறா. பிளாஸ்டிக் மாதிரி மூடி, துடைக்கிறாப்புல இருந்தா சரியாம். நீங்கதான் செஞ்சு குடுக்கணும்."

சாமி சமாச்சாரம் செய்வதில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் சால்வையை மறுபடி சுற்றிக்கொண்ட விதத்தைப் பார்த்ததும் சரி என்றார். பூவை வாங்கி, சாமி மேடையில் விபூதித் தட்டின் மேல் வைத்தார்.

அவர் வழக்கமாக ஊற்றும் பசை கொஞ்ச நாளில் மஞ்சளடித்துவிடும். சாவிக்கொத்துக்கு அது போதும், அம்மன் பூவுக்கு ஆகுமா? நிஜப் பூவை அவர் வைத்துப் பார்த்ததும் இல்லை. பூவுக்கென்றே தனிப் பெட்டி வருகிறது, பசை, அச்சு, கையுறை எல்லாம் சேர்ந்தே இருக்கும் என்று மலர் போனில் தேடிக் காட்டினாள். வகைக்கு ஒன்றாக மூன்று பெட்டி வரவழைத்தார்கள். இருப்பது ஒரே பூ. கெட்டுப்போனால் இன்னொன்று கொடு என்று அம்மனிடம் போய் நிற்க முடியாது. அதனால் வீட்டுத் தொட்டியில் பூத்த மல்லிகையை வைத்து முதலில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு.

முதல் பெட்டியைத் திறந்தபோதே நாற்றம் குடலைப் பிடுங்கியது. அடுப்படியிலிருந்து மலர் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, மேசைக்கு அடியில பூனை கீனை செத்துக் கிடக்கா?"

"இல்ல மலரு. பெட்டியத் தொறந்தேன்."

கையுறை மாட்டும்போதே கிழிந்தது. அளவு போட்ட கிண்ணத்தில் கோடு விரலோடு வந்துவிட்டது. அச்சு என்று பெட்டிக்காரன் இரண்டு வைத்திருந்தான். ஒன்று இதயம், இன்னொன்று மண்டையோடு. ஆத்தா பூவை மண்டையோட்டிலா ஊற்றுவது? 'சிவ சிவா' என்று அதை மட்டும் ஒரு குச்சியால் தள்ளிக் குப்பையில் போட்டார். இதயத்தில் ஊற்றியது இறுகவேயில்லை. மறுநாளும் தொட்டால் மூக்குச்சளி மாதிரி நூல்நூலாக இழுத்தது. அதில் ரெண்டு எறும்பு ஒட்டிச் செத்திருந்தது. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும், சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதே வாடை. ரசத்தோடு எழுந்துவிட்டார்.

இரண்டாவது பெட்டி இறுகியது. பார்க்கப் பளிங்குதான். ஆனால் உள்ளே இருந்த மல்லிகை நாளாக ஆக நிறம் மாறி, கடைசியில் கரப்பான் இறக்கை மாதிரி ஆகிவிட்டது. சுற்றிலும் அழுகல் தண்ணி கசிந்து குமிழி கட்டியிருந்தது. விற்றவனுக்கு மலர் போனில் எழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது.

"என்னவாம்?"

"பூவ நல்லா காயவெச்சுத்தான் போடணுமாம், எங்க மேல தப்பு இல்லியாம். அஞ்சு நட்சத்திரம் போட்டுருங்க போஸ்ங்குறான்."

"ஏன், மண்டையோடு அனுப்புனவனுக்கும் சேர்த்து பத்தா போட்டுருவோமா?" என்றார். அவர் வாயில் இதுதான் பெரிய வசவு.

மூன்றாவது பெட்டிதான் இருப்பதிலேயே பெரிசு. பசையை இறுகவைக்க ஊதா வெளிச்சம் அடிக்கும் குட்டி விளக்கு, சாமணம் எல்லாம் உண்டு. அட்டையில் ஒரு பிள்ளை பசையைக் கையில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. உள்ளே இருந்த சீட்டை மலர் படித்தாள்.

"தோல்ல பட்டா புண்ணாகும், பிள்ளைங்க கைக்கு எட்டாம வைக்கணும்னு போட்டிருக்குங்க."

"அப்புறம் அட்டையில சிரிக்குதே, அது யாரு பிள்ளை?"

"கம்பெனிக்காரன் பிள்ளையா இருக்காது."

இந்தத் தடவை பூவைக் காயவைத்தே போட்டார். மேல்தோல் மட்டும் இறுகியது. அமுக்கினால் அடியில் சீழ் மாதிரி கொழகொழவென்று நகர்ந்தது. மல்லிகையோ வெள்ளை போய், நனைந்த டிஷ்யூவாட்டம் ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. பூ இருந்த இடத்தில் பூவின் தோல்தான் கிடந்தது. ரெங்கசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மன் தோளில் இருந்த பூவை இந்தக் கருமத்திலா முக்குவது என்று பெட்டியை மூடி வைத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் இருக்கும்போது தனலெட்சுமி ரயிலேறி கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து டாக்ஸி பிடித்து வந்து இறங்கினாள். முகத்தில் ஆசை. ரெங்கசாமி எதையும் மறைக்கவில்லை. சோதித்துப் பார்த்த மூன்றையும் வரிசையாக எடுத்து வைத்தார்.

"இது என்னண்ணே, கரப்பானா?"

"மல்லிகைம்மா."

"இது?"

"அதுவும் மல்லிகைதான்."

"அப்ப என் பூவு?"

"ஊத்தல. கை வரல தனம். ஊத்தியிருந்தா இந்தக் கதிதான்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்கள நம்பித்தானேண்ணே இருந்தேன். நாளைக்கு நான் எத வெச்சுக்கிட்டுப் படுக்குறது? வெறுங்கையோடயா?"

ரெங்கசாமி தலையைச் சொறிந்தார். "சின்னதா ஒரு கண்ணாடிப் போத்தல் இருக்கு. அதுல போட்டு மூடி, மெழுகு வெச்சு அடைச்சுத் தரேன். துடைச்சுக்கலாம்லா."

"போத்தலா?" அவள் முகம் சுளித்தது. "அங்க ரத்தம், மூத்திரம் எல்லாம் போத்தல்லதான் வாங்குறாங்க. பேரெழுதி ஒட்டி வரிசையா வேற வெச்சிருப்பாங்க. ஆத்தாளையும் அதுக்குப் பக்கத்துல வைக்கவா?"

ரெங்கசாமி போத்தலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

"பூவக் குடுங்க" என்றாள் தனலெட்சுமி.

விபூதித் தட்டோடு கொண்டுவந்து நீட்டினார். பூ தானாகவே காய்ந்து, சுருண்டு, பெரிய நெல்லைப் போல இருந்தது. நிறம் பழுத்திருந்தாலும் மல்லிகை என்று தெரிந்தது. வாசம்கூடக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் முகர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மலரக்கா, கொஞ்சம் தண்ணி."

மலர் செம்பைக் கொடுத்தாள். தனலெட்சுமி கழுத்துச் சால்வையை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். பூவை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, தண்ணியை அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். கட்டி மேலே ஏறி நின்றது. ஒரு கணம் அங்கேயே நின்றது. ரெங்கசாமி தன்னையறியாமல் கைகூப்பினார். பிறகு அது இறங்கியது.

"போயிடுச்சு. இனி எந்த மிஸ்ஸி வந்து கழட்டுறான்னு பாக்குறேன்."

மலருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தனலெட்சுமி தொண்டையைச் செருமினாள், இருமினாள், செம்பை நீட்டினாள்.

"விபூதிய நெறைய அப்பிட்டீங்கண்ணே. தொண்ட காயுது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."