மைக் என் கையில் இருந்த ஞாயிறு

பொறாமைதான். இதற்கு வருத்தம், ஆற்றாமை என்றெல்லாம் மரியாதையான பேர் வைக்க எனக்கு இஷ்டமில்லை. எங்கள் சந்தில் ஏழு வீடு தள்ளி இருக்கிறவர் மகன் போர் விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்தான், என் மகன் எடுக்கவில்லை, எனக்கு வயிறு எரிந்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

தாராவியில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்துக்கு ஒரு ஹால், ஹாலுக்கு ஒரு மைக். அந்த மைக் பல வருஷமாக என் கையில்தான். நான் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் கிளார்க், இங்கிலீஷ் தெரிந்தவன். முனிசிபாலிட்டி நோட்டீஸ் வந்தாலும், வீட்டை இடித்துக் கட்டித் தருகிறோம் என்று சர்வேக்காரர்கள் பேப்பர் கொடுத்தாலும், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஹாலில் கூடுவார்கள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்வேன். பாஜார் ஹிந்தி இங்கே எல்லோருக்கும் ஓடும். இங்கிலீஷ்தான் பெரியவர்களுக்குப் பிடிபடாது. ஆகவே நான் என்ன சொல்கிறேனோ அதுதான் பேப்பரில் இருப்பது.

போர் விமானப் பயிற்சி பற்றிய ஒரு டாக்குமெண்டரி டிவியில் வந்துவிட்டதும், அதை ஹாலில் திரை கட்டிப் போட வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். அதில் வருகிற அரை டஜன் பையன்களில் ஒருவன் நம் சந்துப் பையன். பேச்செல்லாம் இங்கிலீஷ். "அண்ணாச்சி மைக்கப் பிடிச்சு சொல்லுவாவ, பொறவு என்ன?" என்று செயலாளர் சொல்ல, என்னைக் கேட்காமலே விஷயம் முடிந்துவிட்டது.

என் மகனும் அவனும் சேர்ந்தே வளர்ந்தவர்கள். மாட்டுங்காவில் ஒரே கல்லூரி. ஒரே நாளில் விமானப் படைக்கு விண்ணப்பம் போட்டார்கள், எழுத்துப் பரீட்சையில் இரண்டு பேரும் தேறினார்கள். அடுத்தது மெஷின் பரீட்சை. கையும் காலும் கண்ணும் ஒரே சமயத்தில் தனித்தனி வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதற்கு என் வீட்டில்தான் பழகினார்கள். உட்கார ஒரு ஸ்டூல், காலடியில் இரண்டு செங்கல், கையில் சப்பாத்திக் கட்டை, எதிரே செல்போனில் ஓடும் ஒரு புள்ளி. என் மகனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பையனோ வலது காலை அழுத்தச் சொன்னால் இடது கையை அசைப்பான், கூடவே நாக்கையும் நீட்டுவான். என் மனைவி பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள்.

பரீட்சைக்கு ஒரே ரயிலில் போனார்கள். மூன்றாம் நாள் என் மகன் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். மெஷின் அவனை வேண்டாம் என்றுவிட்டது. ஆயுசுக்கும் ஒரே தடவைதான் அதில் உட்கார முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இப்போது குர்லாவில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருக்கிறான். அவன் ஒரு நாள்கூடப் புலம்பியதில்லை. அவனுக்கும் சேர்த்து நான்தான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு நாலு மணிக்கு ஹாலில் கால் வைக்க இடமில்லை. முன்வரிசையில் பைலட்டின் அம்மா. வீட்டில் உட்கார்ந்து தோல் பைகளுக்குக் கைப்பிடி தைக்கிறவள், அன்றைக்குப் பட்டுப் புடவையில் வந்திருந்தாள். ஒரு பக்கம் அவள் கணவர், மறுபக்கம் என் மனைவி. என் மகன் பின்னால் லேப்டாப் பக்கத்தில் நின்றான். படத்தை ஓட்டும் வேலையை அவனே கேட்டு வாங்கியிருந்தான்.

படம் ஆரம்பித்ததும் ஹாலே பைலட் ஆகிவிட்டது. விமானம் தலைகீழாகத் திரும்பினால் பெண்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்தார்கள். வேகத்தின் அழுத்தத்தில் பையன்களின் கன்னம் இழுத்துக்கொண்டு தொங்கியபோது ஒரு கிழவர், "ஏல, அந்த பிளேன நிறுத்தச் சொல்லுங்கல, பய செத்துருவான்" என்றார். காலையில் ரொட்டியும் முட்டையும் வைத்ததைப் பார்த்து, "இதத் தின்னுட்டா இம்புட்டு உயரம் போறானுவ?" என்று ஒரு அம்மாளுக்குக் கவலை. நம் சந்துப் பையன் கீழே இறங்கி வாந்தி எடுத்தான், அதற்கும் கைதட்டினார்கள். ஒருவர் அவனைத் தூக்கி வளர்த்தாராம். ஒருவர் அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தாராம். சைக்கிளில் அவனைப் பிடித்துக்கொண்டு ஓடியது என் மகன். நான் மைக்கில் அதையா சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் செயலாளர் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உங்க பயலும் மேலதான அண்ணாச்சி போறான்? லிஃப்ட்ல" என்றார். ஹால் சிரித்தது. என் மகனும் சிரித்தான். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

அடுத்த காட்சியில் பயிற்சி கொடுக்கும் அதிகாரி வந்தார். அந்தப் பையனைப் பற்றி இரண்டே வாக்கியம் சொன்னார். முதல் வாக்கியம்: வந்தபோது எல்லோரிலும் இவன்தான் மந்தம். இரண்டாவது: இன்றைக்கு என் பிள்ளையை ஒரு விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டுமானால், இவனை நம்பித்தான் அனுப்புவேன்.

நான் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டாவதை விழுங்கிவிட்டேன்.

பைலட்டின் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "மந்தம்னா சொல்லுதாரு, அண்ணாச்சி?"

"ஆமாம்மா. எல்லாரையும் விட மந்தம்னு சொல்லுதாரு."

அவள் கணவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். யாரோ "வாத்திமார் அப்படித்தான் சொல்லுவாவ" என்று சமாதானம் சொன்னார்கள். பின்னால் இருந்த பையன்களுக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் அண்ணாச்சியை யார் திருத்துவது? எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

கடைசியில் அவன் முதல் தடவையாகத் தனியாக விமானம் ஓட்டிவிட்டு இறங்கினான். கொண்டாட்டமாகத் தலையில் தண்ணீரைக் கொட்டினார்கள். அவனை நிற்க வைத்து ஏதோ கேட்க, நனைந்த முகத்தோடு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தான். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. அவன் வாயைத் திறந்ததுமே மைக்கை உதட்டோடு வைத்து அவன் மேலேயே பேசினேன். "கஷ்டப்பட்டா முன்னுக்கு வரலாம்னு சொல்லுதான். அப்பா அம்மா ஆசீர்வாதம்னு சொல்லுதான். எல்லாம் வழக்கமா சொல்லுததுதான்." நான் முடிப்பதற்குள் படமும் முடிந்தது. கைதட்டினார்கள், ஆனால் வாந்திக்குத் தட்டிய அளவுக்கு இல்லை. பைலட்டின் அம்மா யாரோடும் பேசாமல் சீக்கிரம் எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என் மகன் செல்போனை என் முன்னால் வைத்தான். மனைவி பொதுக் குழாயடிக்குப் போயிருந்தாள்.

"அந்த ஆபீசர் சொன்னதப் பாதிதான் சொன்னே. அது உனக்கே தெரியும்" என்றான். "ஆனா இதை நீ கேக்கவே இல்லைப்பா. இப்பக் கேளு."

நனைந்த முகம் மறுபடி பேசியது. தனியாகப் பறக்கும்போது அதிகாரி உட்காரும் பின் சீட் காலியாக இருந்ததாம். பயமாக இருந்ததாம். அதில் தன் நண்பன் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டானாம். "கையையும் காலையும் தனித்தனியாக வேலை வாங்கச் சொல்லிக் கொடுத்தது அவன்தான், என்னைவிட அவனுக்குத்தான் நன்றாக வரும், மெஷின் அவனை எடுக்கவில்லை, இன்றைக்கு நான் ஓட்டியது அவன் கற்றுக் கொடுத்ததை" என்றான். என் மகனின் பெயரையும் சொன்னான். தெளிவாக, இரண்டு தடவை.

என் சத்தத்தைப் போட்டு என் பிள்ளையின் பெயரையே அமுக்கியிருக்கிறேன்.

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். காலையிலும் சொல்லவில்லை.

ஆபீசுக்குக் கிளம்பியவன் நேரே பைலட்டின் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன். நேற்று வேண்டுமென்றேதான் விட்டேன் என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "இன்னொருக்கச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "தன் புள்ளைய இவன நம்பி அனுப்புவேன்னா சொன்னாரு?" ஆமாம் என்றேன்.

எழுந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். "நேத்து எல்லார் முன்னாலயுந்தான மந்தம்னு சொன்னிய? இப்ப இவியகிட்டயும் சொல்லுங்க."

சொன்னேன். அடுத்த கதவைத் தட்டினாள். அங்கேயும் சொன்னேன். பல் தேய்க்கிறவர்கள், டிபன் கட்டுகிறவர்கள், எல்லோரும் வெளியே வந்தார்கள். என் ரயில் போயே போய்விட்டது. அவள் ஒரு வீட்டையும் விடவில்லை. கூடவே ஒரு கும்பலும் வந்தது. ஏழாவது கதவு என் வீடு.

சத்தம் கேட்டு என் மனைவி ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்தாள். அவளிடமும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் பைலட்டின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "கடைசில நனைஞ்சிக்கிட்டு நின்னு பேசினானே, அதுலயும் எதையாவது விட்டுட்டியளா?" என்று கேட்டாள்.

சந்தே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னேன். காலி சீட்டைப் பற்றிச் சொன்னேன், எங்கள் பிள்ளையின் பெயரைச் சொன்னேன், இரண்டு தடவை அவன் சொன்னதையும் சொன்னேன்.

என் மனைவி அழவில்லை. பைலட்டின் அம்மாவின் கையை விடாமலே என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து ரெண்டு மணி நேரம் இவ பக்கத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள். "உங்க வாயி சும்மா இருந்திருந்தா, நானும் நிமுந்து உக்காந்திருப்பேன்லா?"