யார் சொன்னது என்று முதலில் எழுதியவர்

போன வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். தொலைபேசி அடித்தது. நான் அதை எடுப்பதில்லை. ஓயும்வரை விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்று ஓய்ந்து மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"கிள்ளை கலியமூர்த்தி பேசறேம்மா. சகு போயிடுச்சு. கடலூர் ஆஸ்பத்திரியில, விடிகாலையில. காய்ச்சல்னுதான் சேர்த்தோம். நீ எழுதிடும்மா, எல்லாருக்கும் தெரியணும்."

நான் "சரிங்க" என்றேனா என்பதுகூட நினைவில்லை. அவர் தன் ஊரையும் பெயரையும் முதலில் சொன்னது மட்டும் காதில் நின்றது. அக்காவின் ஊர்க்காரரான அவருக்கு, சகு அக்காவிடம் செய்தி சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் அது.

சகுந்தலா அக்காவை உங்களில் பலர் குரலாகத்தான் அறிவீர்கள். கிள்ளையில் மீனவர் வீட்டுப் பெண். அண்ணாமலை நகரில் விடுதி மாணவர்கள் வரிசையில் நிற்கும் எஸ்.டி.டி. பூத்தில் ஏழெட்டு வருடம் வேலை பார்த்தார். எல்லோர் கையிலும் செல்போன் வந்ததும் பூத் மூடியது. பிறகுதான் சிதம்பரம் வடக்கு வீதியில் அச்சகம் நடத்தும் ஞானசேகரன் ஐயாவின் செய்தித் தளத்துக்கு வந்தார். அச்சகத்தின் மாடியில் ஓர் அறை, இரண்டு கணினி. அக்கா ஊர் ஊராகப் போய்ச் செய்தி கொண்டுவருவார். ஒன்பதாம் வகுப்போடு நின்று, தட்டச்சு மட்டும் கற்றிருந்த நான் அதைத் தளத்தில் ஏற்றுவேன். யாரோடும் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

அவர் கொண்டுவரும் செய்திகள் ஒரே மாதிரிதான் தொடங்கும். "பரங்கிப்பேட்டையிலிருந்து டீக்கடை சுப்பிரமணி சொன்னது." "புவனகிரி பஸ் நிறுத்தத்தில் நின்ற செல்வி சொன்னது." அதற்குப் பிறகுதான் விஷயம். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"பூத்துல தெனமும் பாத்தேன் பூங்கொடி. மொதல்ல யார் பேசறதுன்னு சொன்னாதான் எதிர்ல இருக்கறவங்க காது குடுப்பாங்க. இல்லன்னா யாரு யாருன்னு கேட்டே மீட்டர் ஓடிடும்."

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் சென்னையிலிருந்து ஒரு திரட்டி எங்களைச் சேர்த்துக்கொண்டது. பல தளங்களின் செய்திகளைத் தானாகவே எடுத்து, தலைப்பையும் முதல் இரண்டு வரியையும் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும் தளம் அது. தலைப்பைச் சொடுக்கினால் எங்களிடம் வரலாம். முதல் மாதம் வருகை ஏறிக்கொண்டே போனது. முதலாளி எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். பிறகு இறங்கத் தொடங்கியது. முன்பு எங்கள் முகவரியைத் தட்டி நேராக வந்தவர்கள்கூட, திரட்டியில் தலைப்பைப் பார்த்ததோடு போதும் என்று நகர்ந்துவிட்டார்கள். விளம்பரம் கொடுத்த கடைக்காரர்கள் தயங்கினார்கள். பொங்கலுக்குள் நிலைமை மாறாவிட்டால் தளத்தை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். மூடினால் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை.

"அவன் காட்டறதே ரெண்டு வரி. அதுல ஒரு வரிய டீக்கடை சுப்பிரமணிக்குக் குடுத்துட்டா யாரும்மா உள்ள வருவா?" என்றார் முதலாளி.

"சுப்பிரமணி வருவாரு முதலாளி."

"அவன் வீட்ல கம்ப்யூட்டரே இல்லியே."

"அவரு மச்சான் துபாய்ல இருக்காரு. அவரு வருவாரு."

"ஒரு மச்சானுக்காவ நான் தளம் நடத்த முடியுமா? பேர எடு. தலைப்புல பாதிய மறைச்சு வை. மீதிக்கு உள்ள வந்துதான ஆவணும்."

"கரண்ட் எப்ப வரும்னு தெரிஞ்சுக்க வர்றவன எதுக்கு முதலாளி வாசல்ல நிக்க வைக்கணும்?" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் அக்கா கடலூர் போயிருந்தார். மழையால் பிச்சாவரத்தில் அரை நாள் படகு விடவில்லை என்று செய்தி. முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தலைப்பில் பாதியை மறைக்கச் சொன்னார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பிச்சாவரம் படகுப் பயணிகளுக்கு நேர்ந்தது என்ன?" என்று தலைப்பு வைத்தேன். சொன்னவர் பெயரை எடுத்துவிட்டேன். திரட்டியிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கூடவே தொலைபேசியும் அடிக்கத் தொடங்கியது. நான் எடுக்கவில்லை.

மாலை அக்கா வந்தபோதும் அது அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தார். விழுப்புரத்திலிருந்து ஓர் அம்மா. கல்லூரிச் சுற்றுலாவில் பிச்சாவரம் போன மகனின் போன் கிடைக்காமல் மதியத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலம்மா. புள்ளைங்க கரையில உக்காந்து முறுக்கு தின்னுட்டு இருந்தாங்களாம்" என்று அக்கா சொல்லவும் அந்த அம்மா அழுதது எனக்கே கேட்டது. என்னை அக்கா திட்டவில்லை. "இன்னைக்கு வந்தவங்க யாரும் நாளைக்கு வர மாட்டாங்க பூங்கொடி" என்று மட்டும் சொன்னார். தலைப்பை மாற்றினேன். பெயரைத் திரும்பச் சேர்த்தேன்.

2011 கடைசியில் புயல் வந்ததையும், கரண்டும் போனும் இல்லாமல் கிடந்த நாட்களையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அச்சகத்தில் ஜெனரேட்டர் இருந்தது. இணைய இணைப்பும் எப்படியோ அறுபடாமல் தப்பியிருந்தது. மரங்கள் விழுந்து கிடந்த சாலைகளில் அக்கா வண்டியைப் பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் போய்வந்தார். நோட்டு நிறையப் பெயர்கள். யாரிடமெல்லாம் பேசினாரோ அவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு தெருவையும் தனிச் செய்தியாக ஏற்றச் சொன்னார். "கிள்ளையிலிருந்து கலியமூர்த்தி சொன்னது: கூரை போய்விட்டது, குடிதண்ணீர் வேண்டும்." திரட்டி வழக்கம்போல இரண்டு வரியோடு வெட்டிக் காட்டியது. இந்த முறை அந்த இரண்டு வரிதான் செய்தி.

மறுநாள் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எங்கள் தளத்தில் எழுதியிருந்தார். "கலியமூர்த்தி என் அப்பா. மூன்று நாளாகப் போன் கிடைக்கவில்லை. அப்பா பேசினார் என்றால் நன்றாக இருக்கிறார். இவ்வளவு நாள் திரட்டியில் உங்கள் தலைப்பை மட்டும் பார்த்துப் போவேன். இன்றுதான் உள்ளே வந்தேன்."

அதை நான் சத்தமாக வாசித்தேன். அந்த அறையில் என் குரல் சத்தமாகக் கேட்டது அன்றுதான். அக்கா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முதலாளி, ஒரு மகன் வந்துட்டாரு. மச்சான் பின்னாடி வராரு" என்றார். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

துபாய், சென்னை, திருப்பூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். கரண்ட் திரும்பியதும் திரட்டி வழியாக வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் முகவரியைத் தாங்களே தட்டி நேராக வருபவர்கள் குறையவில்லை. பொங்கல் வந்தது. மூடுவதைப் பற்றி முதலாளி எதுவும் பேசவில்லை. அடுத்த வருடத்துக்குத் தளத்தின் முகவரியைப் புதுப்பித்துவிட்டதாக மட்டும் சொன்னார்.

"பூத்தையே செல்போன் முழுங்குச்சு. நான் என்ன, ஊமையாவா போயிட்டேன்?" என்பார் அக்கா. திரட்டி இன்னும் இருக்கிறது. நாளை வேறொன்று வரும். நாங்களும் இருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை அந்தச் செய்தியை நான்தான் ஏற்றினேன். "கிள்ளையிலிருந்து கலியமூர்த்தி சொன்னது" என்று தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. நீங்கள்தான், ஒருவர் பின் ஒருவராக. அன்றிலிருந்து தினமும் நானே எடுக்கிறேன். எடுத்ததும் முதலில், "சிதம்பரத்திலேர்ந்து பூங்கொடி பேசறேன்" என்கிறேன்.