பூச்சி தின்ற ஊர்

சிலேட்டுக் குச்சிக்காகத்தான் சண்டை தொடங்கியது. பக்கத்தில் இருந்தவளின் குச்சியை நான் பிடுங்கிவிட்டேன். அவள் சும்மா விடுவாளா? "நீ வரத்தன் வீட்டுப் பிள்ளைதானேட்டி, ஒங்களுக்குச் சொந்த ஊரே கெடையாதாம்," என்றாள். இராஜாக்கமங்கலத்தில், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவனுக்கு வரத்தன் என்று பெயர். குச்சியை அவள் மடியிலேயே எறிந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அப்பா தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அங்கேயே போய்க் கேட்டேன். "நம்ம எங்கேருந்துப்பா வந்தோம்?"

"எங்கேருந்து வந்தா ஒனக்கென்ன? போயி படி," என்று விரட்டினார்.

அம்மாவோ, "ஒங்கப்பன் வீட்டுக் கதை எனக்கெப்படிட்டி தெரியும்?" என்று மீன் கழுவப் போய்விட்டாள். மீன் கொண்டு வரும் கடியப்பட்டணத்துக்காரியைக்கூட நான் விடவில்லை. கூடையை இறக்குமுன்பே, "எங்க சாயல்ல வழியில யாரையாவது பாத்தியளா?" என்று கேட்டேன். அப்போது எனக்குப் பத்து வயது. கேட்டதற்குப் பதில் வராவிட்டால் சோறு இறங்காது. அந்தக் குணம் இன்றும் போகவில்லை.

அப்பா சந்தைக்குப் போன ஒரு நாள் மரப்பெட்டியைத் திறந்தேன். அடியில் அவருடைய தாத்தாவின் வேதப்புத்தகம் கிடந்தது. இந்த ஊருக்கு முதலில் வந்தவர் அவர்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். முதல் தாளில் கோணல்மாணலாக 'கொல்லம்' என்று எழுதியிருந்தார். அடுத்து பூச்சி அரித்த ஓட்டை. அதற்குப் பிறகு, 'இவ்விடம் வந்து சேர்ந்தோம்'. பூச்சி தின்றது 'விட்டு' என்ற சொல்லைத்தான் என்று நானே முடிவுகட்டினேன். கொல்லம் விட்டு இவ்விடம் வந்து சேர்ந்தோம்!

மறுநாளே வகுப்பில் அறிவித்தேன். கொல்லத்தை நான் பார்த்ததில்லை, அதனால் அளந்துவிட வசதியாக இருந்தது. அங்கே எங்களுக்கு மாடிவீடு, வாசலில் காயல், காயலில் சொந்தத் தோணி. குச்சிக்காரி வாயைப் பிளந்தாள். எனக்கோ, அந்த வீட்டை ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்று புதிய தவிப்பு பிடித்துக்கொண்டது.

எங்கள் வேதக்கோயிலின் ஓலைக்கூரையை மாற்ற வண்டியில் ஓடு வந்தது. கூடவே ஒரு கொல்லத்துக்காரரும் வந்திருக்கிறார் என்று கேட்டதும் ஓடினேன். அப்பாவும் நாலைந்து பேரும் ஓடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றேன்.

"மாமா, எங்க வீடு அங்க இப்பமும் இருக்கா?"

அவர் முழித்தார். "ஏது வீடு மோளே?"

"கொல்லத்துல. நாங்களும் கொல்லந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனார். அடி நிச்சயம் என்று நினைத்து, அவர் கேட்குமுன்பே வேதப்புத்தகத்தை எடுத்துக் காட்டினேன்.

அப்பா அந்த ஓட்டையின் மேல் விரலை வைத்தார். "ஏட்டி, இது ஊரில்ல. கொல்லம் ஆண்டு. எந்த வருசம் வந்தோம்னு எழுதியிருக்காரு. வருசத்தப் பூச்சி தின்னுட்டு."

சர்க்கார் கடுதாசியிலும் பஞ்சாங்கத்திலும் வருசத்துக்கு முன்னால் போடுகிற அதே கொல்லம். எனக்கு அழுகை முட்டியது. ஊரார் சிரித்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. கைக்கு வந்த ஊர் போய்விட்டதே என்றுதான் அழுதேன்.

"அப்பம் ஊர ஏன் எழுதல?"

"எழுதுனா பழைய நெலத்துக்காரன் தேடி வந்துருவான்லா. அந்தக் காலத்துல கூலியில்லாம வேல வாங்குவானுவ. ஓடிப்போனா பிடிச்சுக் கட்டி இழுத்துட்டுப் போவானுவ. அதனால தாத்தா யாருட்டயும் சொல்லல. பெத்த பிள்ளையிட்டகூட."

"ஒங்களுக்குத் தெரியும்லாப்பா? எனக்கு மட்டும் சொல்லுங்க."

அப்பா புத்தகத்தை மூடினார்.

"நானும் ஒன் வயசுல எங்கப்பாட்ட கேட்டேன். அடிதான் கெடச்சுது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு ஒன்ன வெரட்டியிருப்பேனா, மக்கா?"