ரப்பர் படகில் அறுபட்ட புடவை

எங்கள் முள்ளிப்பட்டுத் தெருவில் ரப்பர் படகைப் பற்றிப் பேச எனக்கு மட்டும்தான் தகுதி உண்டு. மற்றவர்கள் அதை டிவியில் வெள்ளம் காட்டும்போது பார்த்தவர்கள். நான் அதன் தரையில் குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீர் கக்கியவள். ஆனாலும் கடலில் நடந்ததை என்னைவிட எல்லாரும் நன்றாகச் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கே எது நடந்தது, எது நடக்கவில்லை என்று குழம்பிப் போகிறது.

கணவரின் அக்கா மகனுக்குக் கடலோர ஊர் ஒன்றில் கல்யாணம். சர்ச்சில் தாலி கட்டி முடிந்து, பிரியாணியும் சாப்பிட்டாயிற்று. வேன்காரர் தூங்கி எழும்வரை கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கல்யாணத் துணியோடு கும்பலாகக் கிளம்பினோம். நான் கட்டியிருந்தது என் கணவர் எனக்கென்றே நெய்த பட்டுப் புடவை. கத்தரிப்பூ நிறம், மாம்பழ நிறத்தில் கரை. அவர் நெய்வதெல்லாம் கடைக்குப் போய்விடும். நான் ஆரணியில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர், பள்ளிக்குக் கட்டிப் போவது பாலியெஸ்டர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தறிக்குப் பாவு நூல் கொடுக்கிற முதலாளியிடம் சொல்லிவிட்டு, அந்தப் பாவின் கடைசிப் புடவையை எனக்காக நெய்தார். அதனால் அன்று நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் நடந்தேன்.

கணுக்கால் அளவுத் தண்ணீரில்தான் நின்றோம். ஒரு பெரிய அலை வந்து முட்டியை மடக்கியது. எழுந்திருக்கப் பார்த்தால் கீழே மண் இல்லை. இழுத்துக்கொண்டு போகிறது என்று புரிவதற்குள் கரையில் நிற்பவர்கள் சின்னதாகிவிட்டார்கள். கணவர் கத்திக்கொண்டே பாய்ந்து வந்தது தெரிந்தது. அவருக்கு விவசாயக் கிணற்றில் நீந்தித்தான் பழக்கம். கிணற்றுத் தண்ணீர் ஆளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாது. புடவை பிரிந்து எனக்குப் பின்னால் நீளமாக ஓடியது. யாரோ அதைப் பிடித்து இழுப்பது போலவும் இருந்தது, தண்ணீர்தான் இழுக்கிறது போலவும் இருந்தது.

அப்புறம்தான் அந்தப் படகு. லீவு நாள் கூட்டத்துக்காக ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட மீட்புப் படைப் பையன்கள் அதைக் கரையோரமாக ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். பெரிய கப்பல் ஏதாவது வரும் என்று நினைத்தேனோ என்னவோ, பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்ததும், காற்றடைத்த இதுவா என்னைத் தூக்கப் போகிறது என்று அந்த நேரத்திலும் எரிச்சல் வந்தது. ஆனால் அதன் விளிம்பு தாழ்வாக, தலையணை மாதிரி மெத்தென்று இருந்தது. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து, அதன் மேல் உருட்டி உள்ளே போட்டார்கள். ஒரு சிராய்ப்பு கிடையாது. அலை உடைகிற இடத்தில் மரப்படகு வந்து மோதினால் மண்டை போய்விடும், அதற்காகத்தான் இந்த ரப்பர் என்று பிறகு கரையில் சொன்னார்கள்.

உள்ளே விழுந்தவளுக்கு பெட்ரோல் நாற்றமும் தலைக்கு மேலே உருண்டையான ஆரஞ்சுச் சுவரும்தான் தெரிந்தன. புடவையின் ஒரு சுற்று என் இடுப்பில் இருந்தது. மீதி வெளியே தண்ணீரில் கிடந்தது. "பொடவ எஞ்சின் விசிறி பக்கம் போவுதுடா, அறுத்துடு!" என்று எஞ்சின் பிடித்தவன் கத்தினான். இன்னொருவன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான்.

அப்போது வெளியிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "அறுக்காதீங்க! ஐயோ, அறுக்காதீங்க!"

அந்தப் பையன் ஒரு நொடி தயங்கிவிட்டு அறுத்தான். படகைத் திருப்பிக் கணவரையும் உருட்டி உள்ளே போட்டார்கள். அறுந்த துண்டைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அறுபட்ட ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. படகைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிறு உரசியது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? வேன் ஆரணிக்கு முன்னால் வரும் சேத்துப்பட்டைத் தாண்டுவதற்குள் கதை தயாராகிவிட்டது. பெண்டாட்டி போனாலும் பரவாயில்லை, புடவையை அறுக்காதே என்று கத்தின மனுஷன். தெருவில் இறங்கியதும் எதிர்வீட்டு அக்கா கேட்டாள், "இன்னாம்மா, வூட்டுக்காரருக்கு நீ முக்கியமா, ஜரிகை முக்கியமா?" எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

படகு கதையை வேறு தினமும் சொல்ல வேண்டியிருந்தது. "காத்து எறங்கிச்சின்னா இன்னா பண்ணுவாங்க?" "முள்ளு குத்தாதா?" கடலில் ஏது முள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. என்னைத் தூக்கிய படகைப் பற்றி ஊருக்கே பதில் சொன்னேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த நேரத்தில் அவர் மனசில் இருந்தது நானா, புடவையா? வாயைத் திறந்து கேட்கப் பயம். புடவை என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அவருக்கு எப்படிச் சோறு போடுவது?

அவர் செய்த காரியமும் அப்படித்தான் இருந்தது. இரண்டு துண்டையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினார். பிறகு மத்தியானத்தில் தறிவேலை ஓய்ந்த நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, அறுபட்ட ஓரத்தில் குறுக்கே ஓடும் ஊடை இழைகளைக் கொஞ்ச தூரத்துக்கு உருவி எடுத்தார். மிஞ்சிய நீள இழைகளை, இந்தத் துண்டில் ஒன்று, அந்தத் துண்டில் ஒன்று என்று எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்தார். தறியில் பழைய பாவோடு புதுப் பாவைச் சேர்க்கும்போது அப்படித்தான் செய்வார்கள். அறுத்த புடவையில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. எத்தனை ஆயிரம் இழை! பார்க்க வந்தவர்கள், "பைத்தியமாய்யா நீ? பேஜார் புடிச்ச வேல," என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. கடலில் என்னைக்கூட இவ்வளவு நேரம் தேடியிருக்க மாட்டார் என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியவில்லை. போய் எதிரில் நின்றேன்.

"அன்னிக்கி எதுக்குங்க அறுக்காதீங்கன்னு கத்துனீங்க? பொடவைக்கா, எனக்கா?"

அவர் முறுக்கிக்கொண்டிருந்த இழையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "நீ எங்க இருந்த?"

"படகுல."

"எனக்கு எப்பிடித் தெரியும்? அதுவரைக்கும் ஒன் தல தெரிஞ்சிகினு இருந்துச்சி. அந்த ஆரஞ்சு கலரு படகு குறுக்க வந்து நின்னுச்சி, ஒன்னக் காணோம். முங்கிட்டன்னு நெனச்சேன். பொடவ மட்டும் என் கையிலேர்ந்து அந்தாண்ட போய்கினு இருக்குது. அத்த இழுத்தா நீ வருவேன்னு இழுத்துகினு இருந்தேன். ஒருத்தன் கத்தியை எடுக்கறான். வேற இன்னான்னு கத்துறது?"

படகின் தரையிலிருந்து பார்த்த அந்தச் சுவரைத்தான் நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரிலிருந்து அதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அறுத்ததால்தான் நான் பிழைத்தேன். அறுத்தால் போய்விடுவேன் என்று அவர் கத்தியிருக்கிறார். சந்தோஷப்படுவதா, திட்டுவதா என்று தெரியாமல் நின்றேன்.

"அப்ப பொடவ மேல ஆசையே இல்லியா?"

"ஏன் இல்லாம? அதுவுந்தான்," என்றார். இந்த மனுஷனுக்கு அந்த இடத்தில்கூட ஒரு பொய் சொல்ல வரவில்லை.

அப்படியென்றால் படகில் ஏறியதும் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் புரியாத விஷயம்தான்.

"சும்மா நிக்காத, இத்தப் புடி. தொய்வா இருந்தா இழை கெடைக்க மாட்டேங்குது," என்று ஒரு பக்கத்தை என் கையில் கொடுத்தார். முந்தானைப் பக்கம். உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். பட்டு வழுக்கி வழுக்கிப் போனது.

"இது நிக்கவே மாட்டேங்குதே. தண்ணியில எப்பிடிங்க புடிச்சினு இருந்தீங்க?"

அவர் அடுத்த இழையைத் தேடிக்கொண்டே சொன்னார்.

"கையில சுத்திகினேன்."