குடிக்காதவரின் பதில்கள்

குடியால் வரும் கேடுகளைப் பல நாட்டு ஆண்களிடமும் பெண்களிடமும் ஒரேமாதிரி கேட்டு ஒப்பிடும் ஆய்வுக்காக, முக்கூடலில் கேள்வி கேட்கப் போயிருந்தேன். அங்கே ஒரு அக்கா வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். முன்பல் இரண்டு இல்லை. பேசும்போதும் இலையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

“நீங்க மது அருந்துவீங்களாக்கா?”

“வெளக்குமாறு பிஞ்சிரும்.”

கையிலிருந்த டேப்லெட்டில் ‘இல்லை’யை அழுத்தினேன். அது நன்றி சொல்லி முடித்துக்கொண்டது.

“அவ்வளவுதானா தம்பி? மிச்சக் கேள்வியெல்லாம்?”

“அடிபட்டுதா, வேலை கெட்டுதான்னு கேக்கும். குடிக்கிறவங்களுக்கு மட்டுந்தான்.”

“குடிக்கது எங்க வீட்டுக்காரரு. பல்லு போனது எனக்குல்லா? என்னைய கேளு.”

“‘இல்லை’ன்னு போட்டா திறக்காதுக்கா.”

“அப்ப நானும் குடிக்கேன்னு போடு.”

போட்டேன். திறந்தது. காயம் உண்டா? “ரெண்டு பல்லு.” வேலை கெட்டதா? “வாய் வீங்கி நாலு நாளு பீடி சுத்தல.” குடியைக் குறைக்கும்படி யாராவது சொன்னதுண்டா?

“நாந்தான் சொன்னேன். பல்லு அன்னைக்குத்தான் போச்சு.”

‘ஆம்’ என்று பதிந்தேன்.

எங்கள் நாட்டுப் பெண்களின் கணக்கில், ஒரு சொட்டும் தொடாத குடிகாரர் ஒருவர் இப்போது இருக்கிறார். அது பிழை என்று எனக்குத் தெரியும். திருத்தினால் அவர் சொன்னதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.